லிங்கம் அண்ணாச்சி வைத்த வெளிச்சம்

டீக்கடை மிக்கேலின் இடது கன்னம் இன்னும் அணையவில்லை என்ற செய்தி வந்தபோது ஜெசிந்தா வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். செய்தியைக் கொண்டுவந்தவள் மிக்கேலின் மனைவி பாக்கியம். அவள் அழவுமில்லை, பதறவுமில்லை. புதிதாக வாங்கிய மிக்சியில் சத்தம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது என்று கடைக்காரரிடம் சொல்ல வந்தவளைப் போல, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

"நேத்து சாயங்காலம் ஒங்க ஸ்டுடியோவுல வச்சு போட்டோ புடிச்சீயல்லா, அதுல இருந்து அந்தப் பக்கம் எரிஞ்சிக்கிட்டே இருக்கு. போர்வையப் போட்டு மூடினாலும் வெளிச்சம் வெளிய வருது. எனக்கு ஒறக்கமே இல்ல. இத எப்படி அமத்துறது?"

ஜெசிந்தா வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். "நான் புடிக்கலக்கா. அண்ணாச்சில்லா புடிச்சாவ" என்றாள். கேட்ட கேள்விக்கு இது பதிலே இல்லை என்று அவளுக்குத் தெரியும், பாக்கியத்துக்கும் தெரியும். ஆனாலும் பாக்கியம் தலையை ஆட்டிக்கொண்டு, கடை திறக்க நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

அண்ணாச்சி என்பது பரமார்த்தலிங்கம். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து, தருவைப்பட்டணத்தின் அத்தனை கம்பங்களிலும் ஏறி இறங்கி, முழங்கால் இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்த வயதில் ஓய்வு பெற்றவர். அந்த ஊரில் ஓய்வு பெற்ற ஆண்கள் கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள், இல்லாவிட்டால் வீட்டோடு இருந்து மருமகள் வைத்த குழம்பைக் குறை சொல்வார்கள். அண்ணாச்சி இரண்டையும் விட்டுவிட்டு ஒரு கேமராவும், பைக்குள் போட்டு எடுத்துப்போகிற மாதிரி சின்னதாக இரண்டு ஃபிளாஷும் வாங்கிக்கொண்டு, தன் மகள் வயதுடைய ஜெசிந்தாவின் ஸ்டுடியோ வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "ஆள் முகத்துல வெளிச்சம் வைக்கப் படிக்கணும் டீச்சர்" என்றார். தன்னை ஒருத்தர் டீச்சர் என்று கூப்பிடுவார் என்று ஜெசிந்தா கனவிலும் நினைத்ததில்லை. பத்தாம் வகுப்பில் அவள் வாங்கிய அடிகளுக்கு அது ஒரு நல்ல பழிவாங்கலாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டாள்.

கல்யாண வீடும், சர்ச்சில் பிள்ளைகளுக்குப் புதுநன்மையும், சடங்கும் இல்லாத நாட்களில் பாடம் நடந்தது. ஃபிளாஷைக் கேமராவின் தலையில் மாட்டி நேராக அடித்தால் முகம் தோசைக்கல்லைப் போலத் தட்டையாகிவிடும் என்று சொல்லிக்கொடுத்தாள். தனியே ஸ்டாண்டில் வைத்து, வெள்ளைக் குடையில் அடித்துத் திருப்பினால் வெளிச்சம் மெத்தென்று விழும் என்று காட்டினாள். மெயின் வெளிச்சம் ஒரு பக்கம். அது விழாத பக்கத்தை லேசாகத் தூக்கிக் கொடுக்க எதிர்ப் பக்கத்தில் இன்னொன்று, அதற்கு ஃபில் என்று பெயர் என்றாள். அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டார், எல்லாவற்றையும் செய்தார், இரண்டாவது ஃபிளாஷை மட்டும் போட மாட்டேன் என்றார்.

"ஏன் அண்ணாச்சி?"

"ரெண்டு பக்கமும் கரண்டு குடுக்கக் கூடாது டீச்சர். எங்கூட ஹெல்பரா இருந்த தவசிக்கனி அப்படித்தான் போனான். இந்தப் பக்கம் லைன நான் என் கையாலதான் அமத்துனேன். அந்தப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துல ஜெனரேட்டரப் போட்டுட்டான். நடுவுல இருந்தது தவசி. ரெண்டு பக்கமும் உயிர் இருந்தா நடுவுல இருக்கவனுக்கு உயிர் இருக்காது."

இது பேட்டரியில் ஓடுகிற சாமான் அண்ணாச்சி, கொசுவைக்கூடக் கொல்லாது என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. லைன்மேன் பழக்கமாக இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒற்றை ஃபிளாஷைத் தன் வலக்கைப் பக்கம் வைத்து, வலது கையால் மட்டும் கேமராவை அழுத்துவார். எதிரே உட்கார்ந்திருப்பவரின் இடது கன்னத்தில் வெளிச்சம் விழும். வலது பக்கம் இருட்டில் கிடக்கும். கடைசியில் ஜெசிந்தா விட்டுவிட்டாள். அதுவும் ஒரு ஸ்டைல்தான், பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது. சமாதானமாகப் போகட்டும் என்று, "வெளிச்சத்த எவனும் வச்சிருவான். நெழல எங்க வைக்கணும்னு தெரிஞ்சவன்தான் போட்டோகிராபர்" என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள். அதை அண்ணாச்சி வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். அந்த வாரம்தான் முதல் ஆளாக மிக்கேல் வந்து உட்கார்ந்தான்.

தருவைப்பட்டணம் உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற ஊர். உப்புக்காற்று கம்பிகளைத் தின்றுவிடுவதால் பொழுது சாய்ந்ததும் கரண்ட் போவது அங்கே ஒரு செய்தியே இல்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் கன்னம் விடாமல் எரிந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? பாக்கியம் வந்து சொல்லிப்போன அன்று சாயங்காலம் கரண்ட் போனதும் மிக்கேலின் டீக்கடையில் கூட்டம் கூடியது. கண்ணாடி கிளாசில் டீயின் நிறம் தெரிந்தது, பாய்லரில் ஏறும் ஆவி தெரிந்தது, பேப்பர் படிக்கிறவர்கள் அவன் இடது பக்கமாக வந்து நின்று படித்தார்கள். ஏன் எரிகிறது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. முப்பது வருஷமாகக் கம்பியைத் தொட்ட கை, அதில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த நாள் காலையில் ஸ்டுடியோ வாசலில் வரிசை நின்றது.

அதன் பிறகு அந்த ஊர் பாதி முகத்தோடு வாழப் பழகிக்கொண்ட விதத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். பிள்ளைகள் மாமன்மார் கன்னத்தடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். மீன் பிடிக்கப் போகிறவர்கள் அரிக்கேன் விளக்கை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். சவரக்கடையில் இருட்டுப் பக்கத்தைத் தடவித் தடவிச் சிரைத்தார்கள், அந்தப் பக்கம் வெட்டுப்பட்டால் ரத்தமும் தெரியவில்லை. மினி பஸ்ஸில் எரிகிற ஆள் எந்த சீட்டில் உட்கார வேண்டும் என்று கண்டக்டர் முறை வைத்தார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பவுன் என்பதற்கு முன்னால், பெண் அண்ணாச்சியிடம் உட்கார்ந்தாயிற்றா என்று கேட்டார்கள். பேரூராட்சியில் தெருவிளக்கு மாற்றுவதை நிறுத்திவிட்டு, எரிகிறவர்கள் ஆளுக்கொரு முக்கில் பொழுது சாய நிற்க வேண்டும் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். முதலில் முணுமுணுத்தவர்களும் பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றார்கள். ஊருக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

வெளிச்சம் ஒரு கன்னத்தில் தங்கிவிட்டதைப் பேசிய அத்தனை வாயும் மறு கன்னத்தில் இருட்டு தங்கிவிட்டதைப் பற்றிப் பேசவில்லை. ஜெசிந்தாதான் கவனித்தாள், அவள் தொழில் அது. உச்சிவெயிலில், உப்பு பாளம் பாளமாகக் கண்ணைக் கூசவைக்கிற உப்பளத்தில் நின்றால்கூட, அவர்களுடைய வலது கன்னத்தில் வெயில் ஏறவில்லை. அந்தப் பக்கத்துக் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. அவள் தன் ஃபிளாஷை எடுத்துப்போய் மிக்கேலின் வலது பக்கம் அடித்துப் பார்த்தாள். சுவர் வெளுத்தது, பாய்லர் மின்னியது, மிக்கேலின் வலது கன்னம் மட்டும் கிணற்றுக்குள் கல் போட்ட மாதிரி அந்த வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது.

"என்னத்துக்கு அந்தப் பக்கம் போட்டு அடிக்கீய? அங்க ஒண்ணும் இல்ல" என்றான் மிக்கேல். அவன் சும்மாதான் சொன்னான். ஜெசிந்தா ஃபிளாஷைப் பைக்குள் போட்டாள். இனிமேல் யாரையும் எடுக்க வேண்டாம் என்று அன்றே அண்ணாச்சியிடம் சொன்னாள்.

"வாரவுகள எப்படி டீச்சர் போன்னு சொல்லுவேன்? முப்பது வருசமா இந்த ஊர்ல என்னைய எல்லாரும் திட்டித்தான் கூப்பிட்டாவ. இப்பம்தான் கும்பிட்டுக் கூப்பிடுதாவ" என்றார் அண்ணாச்சி. அவர் கண்ணில் நீர் முட்டியிருந்தது. அவரைத் தடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. சலோமியை மட்டும் அவர் கேமரா முன்னால் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

சலோமி அவளுடைய தங்கை. அப்பா அம்மா இருவரும் போன பிறகு ஜெசிந்தாவுக்கு இருந்த ஒரே சொந்தம். பிறந்ததிலிருந்து காது கேட்காது. ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆல்பம் கோக்கிற வேலை அவளுடையது. அவள் பேசுவது கையாலும் முகத்தாலும். கை பாதிதான் சொல்லும், மீதியை முகம் சொல்லும். ஒரே கை அசைவுக்குப் புருவம் தூக்கினால் கேள்வி, உதடு சுழித்தால் கிண்டல், கன்னம் உள்ளே போனால் எனக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அக்காவும் தங்கையும் அப்படியே ஒரு நாள் முழுக்க வாயாடுவார்கள், கைகள் வலிக்கும். ஆனால் பொழுது சாய்ந்து கரண்ட் போனால் சலோமியின் பேச்சும் போய்விடும். மெழுகுவத்தி தேடி எடுத்து ஏற்றும்வரை அவள் இருட்டில் ஒன்றும் சொல்ல முடியாமல், ஒன்றும் கேட்க முடியாமல், அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போனபோது, ஜெசிந்தா சமையலறையில் நெருப்புப் பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து சுவரில் வெளிச்சம் விழுந்தது. திரும்பினாள். சலோமி நின்றுகொண்டிருந்தாள், இடது கன்னம் பளீரென்று எரிய.

எனக்குப் பேச வேண்டியிருந்தது அக்கா, என்று சலோமியின் கைகள் சொன்னன. இத்தனை வருஷமாக இருட்டில் எவ்வளவு பேச நினைத்தேன் தெரியுமா? அண்ணாச்சி மாட்டேன் என்றுதான் சொன்னார், நான்தான் காலைப் பிடித்தேன், அவரைத் திட்டாதே.

ஜெசிந்தா கையை ஓங்கினாள். ஓங்கிய கையை அப்படியே இறக்கித் தங்கையைக் கட்டிக்கொண்டாள். அன்று சாயங்காலம் முழுக்க சலோமி பேசினாள். கரண்ட் வந்த பிறகும் லைட்டை அமத்தச் சொல்லிவிட்டுப் பேசினாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக ஜெசிந்தா பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு பக்கத்துக்கு மட்டும். வலது புருவம் ஏறியதா இறங்கியதா என்று தெரியாததால், தங்கை சொன்னதில் எது கேள்வி, எது கிண்டல் என்று பல இடங்களில் அவளுக்குப் பிடிபடவில்லை. பிடிபடாத இடங்களில் சரி சரி என்று தலையாட்டினாள்.

முதலில் தேய ஆரம்பித்தவனும் மிக்கேல்தான். மூக்கின் நடுவில் கோடு போட்ட மாதிரி நின்றிருந்த இருட்டு, ஒரு நாள் மூக்கைத் தாண்டியிருந்தது. பிறகு கண்ணோரம், பிறகு கன்னத்து மேடு. வானத்தில் தேய்பிறை பார்த்து வளர்ந்த ஜனங்களுக்கு அடுத்தது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. காதோரம் நகக்கீற்று அளவுக்கு ஒரு வெளிச்சம் மிஞ்சியிருந்தது. பாக்கியம் அதில் வைத்துச் சில்லறை பார்த்துக் கல்லாவில் போட்டாள். பிறகு அதுவும் போனது.

மிக்கேல் சாகவில்லை. மறுநாளும் கடை திறந்தான், டீ ஆற்றினான், சர்க்கரை கம்மியாகக் கேட்டவருக்குக் கம்மியாகப் போட்டான். சட்டைக் காலருக்கு மேலே தலைமுடிவரை ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவுதான். பயங்கரம் அதுவல்ல. அவன் முகம் முன்னால் எப்படி இருந்தது என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை என்பதுதான் பயங்கரம். ஸ்டுடியோவில் எடுத்த படத்தை எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் சட்டையும் இருட்டும்தான் இருந்தன. மீசை உண்டா என்று பாக்கியத்திடம் கேட்டதற்கு, அவள் வெகுநேரம் யோசித்துவிட்டு, "உண்டும்னுதான் நெனைக்கேன்" என்றாள். ஜனங்கள் இரண்டு நாள் டீயை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்று குடித்தார்கள். மூன்றாம் நாள் பழகிவிட்டது. அடுத்தவர்களும் ஒவ்வொருவராக அணைந்துபோனபோது பேரூராட்சியிலிருந்து, எல்லோரும் சட்டைப்பையில் பெயர் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். ஒட்டிக்கொண்டார்கள்.

சலோமியின் இருட்டு மூக்கைத் தாண்டிய அன்று ஜெசிந்தா அண்ணாச்சியின் வீட்டுக் கதவைத் தட்டவில்லை, உடைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"நீங்க வச்சத நீங்கதான் எடுக்கணும். இல்லன்னா மறுபடி வையுங்க!"

அண்ணாச்சி அழுதுகொண்டே ஸ்டுடியோவுக்குக் கேமராவைத் தூக்கிவந்தார். சலோமியை உட்காரவைத்து அதே இடத்தில் அதே ஃபிளாஷை வைத்து அடித்தார். ஒன்றும் ஏறவில்லை. ஒரு தரம் வாங்கின கன்னம் மறுபடி வாங்கவில்லை. அப்படியானால் வலது பக்கம் அடியுங்கள் என்றாள் ஜெசிந்தா. அண்ணாச்சி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கவுன்சிலர் தங்கபுஷ்பம் வந்தாள். அவள் முகமும் கால்வாசிதான் மிச்சம். மேடையில் பெயர் ஒட்டிக்கொண்டா நிற்க முடியும்? இரண்டு பக்கமும் எரிய வேண்டும், இப்போதே எரிய வேண்டும், இல்லாவிட்டால் பரமார்த்தலிங்கம் இந்த ஊரில் இருக்க முடியாது என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஜெசிந்தா அவளைத் தடுக்கவில்லை. உள்ளுக்குள் அவள் கணக்கு வேறாக இருந்தது. தன் தங்கைக்கு முன்னால் வேறொருத்தி மேல் பரிசோதித்துவிடலாம் என்பதுதான் அந்தக் கணக்கு. வலது பக்க ஃபிளாஷை அவளே ஸ்டாண்டில் மாட்டினாள், பவரை இருப்பதிலேயே குறைவாக வைத்தாள், குடையைத் தள்ளி வைத்தாள். அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் கேமராவின் மேல் அவளே வைத்தாள்.

வெளிச்சம் அடித்தது. எவ்வளவு குறைத்து வைத்தும் அவர் கை பட்டதால் அது முழுசாகவே எரிந்தது. தங்கபுஷ்பத்தின் முகம் முழுக்க வெள்ளையானது. மூக்கு எங்கே, உதடு எங்கே, கண் எங்கே என்று பிரித்துச் சொல்ல அதில் ஒரு நிழல்கூட இல்லை. கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டு மட்டும் இருந்தது. அந்தத் தட்டுக்குள்ளிருந்து, "எப்படி இருக்கு?" என்று தங்கபுஷ்பத்தின் குரல் கேட்டது.

வாசலில் நின்ற கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நல்ல கலரா இருக்கீயக்கா" என்றார் ஒருவர். அவள் கண்ணாடி கேட்டாள், கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவள் பேசி யாரும் கேட்கவில்லை. அண்ணாச்சி அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, தவசி, தவசி என்று வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊரில் ஒவ்வொரு வீடாகத் தேய்ந்துகொண்டிருந்தது. யாராவது ஒருத்தராவது தேயாமல் இருக்க மாட்டார்களா என்று ஜெசிந்தா பைத்தியம் பிடித்தவளைப் போலத் தெருத் தெருவாக முகங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். ஒரு மத்தியானம் கடற்கரையில் வலைக்கொட்டகையில் இரண்டு பேரைக் கண்டாள். கிழிந்த வலை தைக்கிற அண்ணன் தம்பிகள், மிக்கேலுக்கு அடுத்து இரண்டாவது மூன்றாவதாக உட்கார்ந்தவர்கள். இருவருக்கும் இடது கன்னம் முதல் நாள் எரிந்தபடியே எரிந்துகொண்டிருந்தது. அதுமட்டுமல்ல, இருவருடைய வலது கன்னமும் தெரிந்தது. மங்கலாக, இதமாக, பாடம் சொல்லிக்கொடுக்கும்போது ஃபில் எப்படி விழ வேண்டும் என்று அவள் சொன்னாளோ அப்படியே தெரிந்தது. விடிந்தது முதல் பொழுது அடைகிறவரை வலையை நடுவில் போட்டுக்கொண்டு முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்து தைப்பது அவர்கள் தொழில். அண்ணனின் இடது கன்னத்துக்கு நேர் எதிரே இருந்தது தம்பியின் வலது கன்னம். தம்பியின் இடது கன்னத்துக்கு எதிரே அண்ணனின் வலது கன்னம். ஒருவரை ஒருவர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஜெசிந்தா ஊருக்குள் ஓடிப்போய்ச் சொன்னாள். இரண்டு இரண்டு பேராக உட்காருங்கள், எதிரெதிரே உட்காருங்கள், முகத்தைத் திருப்பாதீர்கள் என்று வீடு வீடாகச் சொன்னாள். ஜனங்கள் பொறுமையாகத்தான் கேட்டார்கள்.

"அப்படியே உக்காந்திருந்தா சோலிய யாரு பாப்பா?" என்றாள் பாக்கியம். "அதுவும் இந்த மனுசன் மூஞ்சிய நாள் பூரா பாத்துக்கிட்டு இருக்கதுக்கு, இப்படியே இருந்துட்டுப் போட்டும்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேரின் வாய் தெரியவில்லை.

சலோமிக்குக் காதோரம் ஒரு கீற்றுதான் மிச்சம் இருந்தது. அவள் கைகள் இன்னமும் பேசின. சாப்பாடு, தண்ணீர், ஆல்பம் முடிந்தது, நாளைக்குக் கல்யாண ஆர்டர், என்று சொல்லிக்கொண்டே இருந்தன. ஆனால் முகமில்லாத கை சொல்வது தந்தி மாதிரி இருந்தது, அதில் என் தங்கச்சி இல்லையே என்று ஜெசிந்தாவுக்குப் பட்டது. எதிரே உட்காரவைக்க ஊரில் முழுசாக எரிகிற கன்னம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வலைக்காரர்களில் ஒருவரை எடுத்தால் இன்னொருவர் அணைந்துபோவார். புதிதாக ஒரு முகம்தான் வேண்டும்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சியை ஸ்டுடியோவுக்கு வரச் சொன்னாள். சலோமியை ஒரு ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தாள். ஃபிளாஷுக்கு பேட்டரி மாற்றினாள், குடையை விரித்தாள், ஸ்டாண்டைத் தூக்கிப் பார்த்துத் தன் கைக்குச் சரியான உயரத்தில் வைத்தாள். பிறகு தானே போய்க் கேமராவுக்கு எதிரே உட்கார்ந்தாள். அத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

"டீச்சர், வேண்டாம். ஒங்க மேல நான் அடிக்க மாட்டேன்."

"அடிங்க அண்ணாச்சி."

"நீங்களும் தேஞ்சு போயிருவீய டீச்சர். இந்தப் பிள்ளைக்கு இருக்கது ஒரு கீத்து. அது ஒங்களுக்குப் பத்தாது."

"எனக்குத் தெரியும். கணக்கு சொல்லிக்குடுத்தவளே நான்தான். அடிங்க."

அண்ணாச்சி இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். வலது கையைக் கேமராவில் வைத்தார். முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்புங்க, தாடைய எறக்குங்க என்று அவள் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளையே அவளிடம் திக்கித் திக்கிச் சொன்னார். அவள் திருப்பினாள், இறக்கினாள். சலோமி ஸ்டூலிலிருந்து எழுந்து ஓடிவந்து ஸ்டாண்டைப் பிடிப்பதற்குள் அடித்துவிட்டது.

வெயிலில் வைத்த துணியைக் கன்னத்தில் ஒற்றின மாதிரி ஒரு சூடு, வேறொன்றுமில்லை. ஸ்டுடியோவின் திரைச்சீலையில், கண்ணாடியில், தரையில் எல்லாம் அவள் வெளிச்சம் விழுந்தது. ஜெசிந்தா நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய், முழங்கால் இடிக்கிற தூரத்தில் தங்கையை உட்காரவைத்து அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். இடது கன்னத்தை அவளுடைய வலது கன்னத்துக்கு நேரே கொண்டுபோனாள்.

இருட்டு விலகியது. முதலில் வலது காதுத் தோடு தெரிந்தது. பிறகு கன்னம், பிறகு கண். அண்ணாச்சி கேமரா ஓரத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அந்தக் கண் அவளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. வலது புருவம் நெற்றிக்கு ஏறி அங்கேயே நின்றது. கன்னம் குழிந்து உள்ளே போய், கண்ணிலிருந்து தாடைவரை உப்புப் பூத்துக் கோடு விழுந்திருந்தது. அது இன்று நேற்று அழுத கோடு அல்ல. சமையலறையில் வந்து நின்று, எனக்குப் பேச வேண்டியிருந்தது அக்கா என்று இடப்பக்கம் சிரித்தாளே, அன்றே, அப்போதே, இந்தப் பக்கம் பயத்தில் அலறிக்கொண்டு இருந்திருக்கிறது. ஆல்பம் முடிந்தது என்று சொன்னபோது, சாப்பிட்டேன் என்று சொன்னபோது, எல்லா நேரமும் இந்தப் பக்கம் என்னை வெளியே எடு என்று கேட்டிருக்கிறது. அதற்குத்தான் ஜெசிந்தா தினமும் சரி சரி என்று தலையாட்டியிருக்கிறாள்.

"ஐயோ, எம் பிள்ளே" என்று ஜெசிந்தா வாய்விட்டு அழுதாள். கைகளைத் தூக்கி, மன்னித்துக்கொள் என்று சொன்னாள். தெரியாமல் போயிற்று என்றாள். இனி முகத்தைத் திருப்பவே மாட்டேன் என்றாள்.

சலோமி அக்காவின் கைகளைப் பார்க்கவில்லை. காதோரக் கீற்றை அக்காவின் வலது கன்னத்துக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவந்து பார்த்தாள். அந்த வெளிச்சம் அங்கே எட்டவில்லை. விரலை நீட்டி அந்த இருட்டுக்குள் தொட்டாள். பிறகு கையை எடுத்து, மெதுவாக, வலது புருவத்தை இறக்கி மறுபடி தூக்கிக் கேட்டாள்:

இந்தப் பக்கத்தில் நீ என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாய்?

ஜெசிந்தா தன் வலது புருவத்தை விரலால் தடவி, அது ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று தேடினாள்.